அணைத்த சூடம்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொப்பரைக் களத்தில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி சேலை கட்டியிருந்தார்கள்.

பழுப்பு நிறம். மஞ்சள் கரை. பாலசுப்பிரமணியம் வாசலில் நின்று பார்த்தார். யாரும் நிமிரவில்லை. தேங்காய் ஓட்டிலிருந்து பருப்பைப் பெயர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் களத்தில் பேச்சுச் சத்தம் தெருவரை கேட்கும். அவர் வந்தால் கொஞ்சம் குறையும். போனதும் கூடும். அன்று இரும்புப் பட்டை ஓட்டில் படும் சத்தம் மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வார்டுத் தேர்தல். சேலை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேரும் தமிழர்கள். ஜெகநாதன் கட்டட கான்ட்ராக்டர். தான் வந்தால் குடோன் வரி கிடையாது, கூலி விஷயத்தில் முனிசிபல் போர்டு தலையிடாது என்றார். ஜெய்னுதீன் பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். குடோனுக்கும் களத்துக்கும் வரி போட்டு மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டு வருவேன் என்றார். களத்துக் கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்று தீர்மானம் போட்டு, தீவுகளை நிர்வகிக்கும் சீஃப் கமிஷனருக்கு அனுப்புவேன் என்றும் சொன்னார்.

பாலசுப்பிரமணியத்துக்கு டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் களமும் பஜாரில் குடோனும் இருந்தன. அவர் ஓட்டு ஜெகநாதனுக்கு. ஆனால் குடோனுக்காக மட்டும் இல்லை. குடோன் இல்லாத காலத்திலும் அவர் அப்படித்தான் பேசினார். கூலி என்பது கொடுப்பவனும் வாங்குபவனும் முகத்தைப் பார்த்துப் பேசி முடிப்பது. நடுவில் சர்க்கார் உட்கார்ந்தால் இரண்டு பேரும் சர்க்கார் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். வரி என்பது அடுத்தவன் பெட்டிக்குள் கை விடுவது. தேவைப்பட்டால் விடலாம். கொஞ்சம் கூச்சத்தோடு விட வேண்டும். ஓட்டுக்குப் பொருள் கொடுப்பவனை வாசற்படி ஏற்றக் கூடாது. இவ்வளவுதான் அவர் அரசியல். பஜாரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மழை மாதங்களில் களம் காயாது. அந்த மாதங்களில் அவர் பெண்களுக்கு வேலை இல்லாமலே அரைக்கூலி கொடுத்தார். அப்படிச் செய்யச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் வந்துவிட்டால் அதில் எழுதியிருப்பதை மட்டும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தராசுக்குப் பக்கத்தில் அன்னம்மாள் வந்து நின்றாள். களத்தில் மூத்தவள். இராமநாதபுரம் பக்கம். புருஷன் இறந்தபின் மகளோடு இருந்தாள்.

"முதலாளி."

"சொல்லு."

"சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனா, அது கடைசி வரைக்குமா?"

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"யார் அணைச்சது?"

"எல்லாரும்தான். திங்கக்கெழம பொழுதடைய நாங்க இருக்குற லைன் வீட்டுக்கு வந்தாக, ஜெகநாதன் ஆளுக. ஆளுக்கு ஒரு சேலை. தட்டுல சூடத்தப் பொருத்தி வச்சு, கையால அணைச்சு, அவருக்குத்தான் ஓட்டுப் போடுவோம்னு சொல்லச் சொன்னாக. அவரவர் புள்ளைய நெனச்சுச் சொல்லச் சொன்னாக. நா இந்திராணி வயித்த நெனச்சுச் சொல்லிட்டேன்."

இந்திராணி அவள் மகள். எட்டு மாதக் கர்ப்பிணி.

"எந்தத் தட்டு?"

"நம்ம கோயில் தட்டு."

பாலசுப்பிரமணியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டெய்ரி ஃபார்ம் முருகன் கோயிலின் சாவியும் பாத்திரங்களும் அவர் வீட்டில்தான் இருந்தன. திங்கட்கிழமை மத்தியானம் ஜெகநாதனின் மைத்துனன் வந்து தட்டைக் கேட்டான். லம்பா லைன் பக்கம் ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம் என்றான். இவர் எடுத்துக் கொடுத்தார். யார் வீடு என்று கேட்கவில்லை. சாமி பாத்திரத்தை வாங்க வருகிறவனை விசாரிக்கிற வழக்கம் இல்லை.

"ஏன் வாங்கினே?"

"எல்லாரும் வாங்குனாக. நா மட்டும் வேணாம்னா மறுநா குழாயடில எங்கூட யாரு பேசுவா?"

"இப்ப என்ன வந்தது? அவனுக்கே போட்டுட்டுப் போ."

"பாய்க்குப் போடணும்னு இருக்கு."

"எதுக்கு?"

"கூலிக்குத்தான். வேற எதுக்கு?"

அதை அவள் முதலாளியிடமே சொன்னாள். அவர் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அதுதான் முகத்தைப் பார்த்துப் பேசுவது.

"ஓட்ட விக்கறது பாவம் அன்னம்மா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"வித்தது தப்புத்தான் முதலாளி. வித்துட்டுக் குடுக்காம ஏமாத்துறதும் தப்புத்தான? எந்தத் தப்பச் செய்யட்டும்?"

"ஓட்டே போடாதே. வீட்ல இரு."

"போடுவேன்னுதான சத்தியம். போடாம இருந்தாலும் புள்ளைக்குத்தான வரும்?"

நீலாவதி கூடையை நகர்த்துவது போல எழுந்து வந்தாள். வாய் நீண்டவள்.

"பொட்டிக்குள்ள போடுறத எவன் பாக்கப் போறான்னு சொன்னேன். சாமி பாக்கும்னு அழுகுது. சாமிக்கு இந்த வார்டுல ஓட்டு இருக்காக்கும்?"

"நீ போடுவியாடி?" என்றாள் அன்னம்மாள்.

நீலாவதி கூடையைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது.

"சனிக்கிழமை சாயந்திரம் கோயிலுக்கு வாங்க. சொல்லுதேன்" என்றார் பாலசுப்பிரமணியம்.

என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயந்திரம் ஜெகநாதன் வீடு இருந்த மரைன் ஹில் மேட்டில் ஏறினார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். கீழே துறைமுகம் காலியாக இருந்தது. மெட்ராஸ் கப்பல் தேர்தலுக்குப் பிறகுதான்.

ஜெகநாதன் வராந்தாவில் உட்கார்ந்து காலை நீட்டிக் கால் பிடிக்க விட்டிருந்தார். ஆளைப் போகச் சொன்னார்.

"வாங்க அண்ணாச்சி. நடந்தா வந்தீங்க? ஜீப்பை அனுப்பியிருப்பேனே."

"கோயில் தட்டு உங்ககிட்ட இருக்கு."

"அடடா. நாளைக்குக் காலையில வந்துடும்."

"கிரகப்பிரவேசம் நல்லா முடிஞ்சுதா?"

ஜெகநாதன் சிரித்தார். சிரிப்பில் சங்கடம் இல்லை.

"அண்ணாச்சிக்குக் கோபம். உட்காருங்க. வீடு வீடாப் போய் கேக்கணும்ல? அதுவும் ஒரு பிரவேசம்தான்."

"அந்தப் பெண்களை விட்டுடுங்க. சத்தியம் வேண்டாம், இஷ்டப்பட்டதைப் போடுங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. சொன்னாலும் பாதிப் பேர் உங்களுக்குத்தான் போடுவாங்க."

"பாதி எதுக்கு? முழுசா இருக்கே." ஜெகநாதன் காலை மடக்கிக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க சொல்றதைத்தான் நான் செய்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாத்தணும். வாங்கினதுக்கு வேலை செய்யணும். பஜார்ல நீங்க பேசுறதுதானே இது?"

"சாமிய வச்சு வாங்கச் சொல்லலையே."

"எதை வச்சு வாங்குறது? காசு வச்சா பாய் பக்கமும் வாங்கிக்கிறாங்க—"

"பாய் கொடுக்கல."

"சரி, கொடுக்கல. கொடுக்காம ஜெயிச்சு உங்க குடோனுக்கு வரி போடுவார். களத்துக்கு வரி போடுவார். கூலி எவ்வளவுன்னு சீஃப் கமிஷனர் ஆபீஸ்லேர்ந்து ஒரு பெங்காலி பாபு வந்து உங்களுக்குச் சொல்வார். அதான் வேணுமா? நானும் நீங்களும் ஒரே பக்கம்."

ஒரே பக்கம் என்பது பாலசுப்பிரமணியத்துக்கும் உண்மைதான். அதில் ஒரு வார்த்தைகூட மாற்ற முடியாது. அதுதான் அவருக்கு அசதியாக இருந்தது.

"சேலையைத் திருப்பிக் கொடுத்துட்டா?"

"கொடுக்கட்டும். நான் அநியாயக்காரன் இல்ல. ஆனா புதுச் சேலையாத் தரணும். கட்டித் துவைச்சதை நான் என்ன பண்ண? புதுசைத் தட்டுல வச்சுத் தந்தா சத்தியம் இல்லேன்னு நானே வந்து சொல்றேன்." எழுந்து வாசல்வரை வந்தார். "அதே ரகமாப் பாருங்க. வேணும்னா கடையச் சொல்றேன். ஜெய்னுதீன் பாய் கடை."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜெய்னுதீன் கடை திறக்கும்வரை பாலசுப்பிரமணியம் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போனார். ஜெய்னுதீன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆயியே, ஆயியே. எதிர்க்கட்சி என் கடைக்கு வருது. யாராவது பாத்தா அண்ணாச்சி கெட்டுப் போய்ட்டார்னு சொல்லப் போறான்."

"பழுப்புச் சேலை, மஞ்சள் கரை. கட்டு கட்டா வித்தீங்களா?"

ஜெய்னுதீன் முகம் மாறியது. துணி மடிப்பதுபோலக் கையை மேசைமேல் தேய்த்தார்.

"வித்தேன். போன வாரம். ஒரு ஆள் வந்தான், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்னான். ஒரே மாதிரி வேணும்னான். நானும் சந்தோஷமா விலை குறைச்சேன். திங்கக்கிழமை ராத்திரிதான் தெரியும்."

"எங்கிட்ட கிரகப்பிரவேசம்னான்."

"எனக்குக் கல்யாணம், உங்களுக்கு கிரகப்பிரவேசம். ஒரே வாரத்துல அந்தக் குடும்பத்துல எத்தனை விசேஷம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சீக்கிரம் நின்றுவிட்டது.

"அதே சேலை இன்னும் இருக்கா?" என்று கேட்டார் பாலசுப்பிரமணியம். "என் காசு. அவன்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டு அந்தப் பெண்களை விடுவிக்கணும்."

"இருக்கு."

"எடுங்க."

"தர மாட்டேன்."

பாலசுப்பிரமணியம் அவரைப் பார்த்தார்.

"நீங்களே யோசிங்க அண்ணாச்சி. தேர்தலுக்கு ரெண்டு நாள் இருக்கு. களத்து முதலாளி என் கடையில கட்டு கட்டா சேலை வாங்குறார். எடுத்துட்டுப் போய் ஓட்டுப் போடுற பொம்பளைங்ககிட்ட கொடுக்கறார். ஊர் என்ன சொல்லும்? அவன் ஒரு சேலை கொடுத்தான், பாய் அண்ணாச்சி கையால இன்னொரு சேலை கொடுத்தார்னு சொல்லும். இந்த வாரம் உங்களுக்கு ஒரு முழம் துணி விக்க மாட்டேன்."

"வேற கடையில அந்த ரகம் இல்லை."

"இல்லைதான். கப்பல் வந்தாத்தான் எவனுக்கும் புது சரக்கு."

"உங்களுக்குத்தானே ஓட்டு குறையும்?"

"குறையட்டும். சாமிமேல பண்ணுன சத்தியத்த மீறிட்டு, வயித்துல நெருப்போட வந்து எனக்கு ஒரு பொம்பள ஓட்டுப் போட வேணாம். அந்த ஓட்டை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" அவர் குரல் தணிந்தது. "உங்க சாமிய அவன் ஏஜெண்டா வச்சுட்டான் அண்ணாச்சி. என் சாமியும் அவனுக்கு வாய்ச்சிருந்தா வச்சிருப்பான்."

டீ வந்தது. குடித்தார்கள்.

"நீங்க சொல்ற வரி தப்பு பாய்."

"தெரியும், சொல்வீங்கன்னு."

"கூலியும் தப்பு. நீங்க ஒரு தொகை எழுதுவீங்க. அதுக்கு மேல எவனும் தர மாட்டான். மழையில இப்ப நான் தர்றதும் நின்னுபோகும்."

"நீங்க தர்றீங்க. பக்கத்துக் களத்துல மழைக்கு என்ன தர்றாங்க? சலாம் தர்றாங்க. நீங்க நல்லவர்ங்கறதுக்காக நான் அந்தக் களத்தை அப்படியே விடட்டுமா?"

"ஒவ்வொருத்தனும் நல்லவனா இருக்கணும். சட்டம் போட்டு ஆக்க முடியாது."

"இருக்கலையே அண்ணாச்சி. என்ன செய்ய?"

பாலசுப்பிரமணியம் தம்ளரை வைத்தார். இந்தப் பேச்சை இதே கடையில் பல வருடமாகப் பேசியாகிவிட்டது. ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. தெருவில் ஜெகநாதனின் ஜீப் ஒலிபெருக்கியோடு போனது. வரி இல்லாத வார்டு, நேர்மையான வேட்பாளர் என்று தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிச் சொன்னது. இரண்டு பேரும் அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ஆள்" என்றார் ஜெய்னுதீன்.

"ஆமாம்" என்றார் பாலசுப்பிரமணியம். "என் ஆள்."

சனிக்கிழமை காலை தட்டு வீட்டுக்கு வந்தது. புளி போட்டுத் துலக்கி அனுப்பியிருந்தார்கள். மனைவி சுசீலா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கோயிலில்கூட இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை என்றாள்.

சாயந்திரம் வெயில் இறங்கும் முன்பே பெண்கள் வந்துவிட்டார்கள். களத்திலிருந்து நேராக வந்திருந்தார்கள். கோயில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே எல்லோரும் நிற்க முடியாது. வாசலில் நின்றார்கள். பாதிப் பேர் பழைய சேலையில் இருந்தார்கள். பாதிப் பேர் பழுப்பில். அன்னம்மாள் மகளையும் கூட்டி வந்திருந்தாள். இந்திராணி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாலசுப்பிரமணியம் தட்டைச் சன்னதிப் படியில் வைத்தார்.

"இதுலதான் அணைச்சீங்களா?"

"இதேதான்" என்றாள் அன்னம்மாள்.

"கடையில வாங்குன தட்டா இருந்தா அணைச்சிருப்பீங்களா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வாயால சொல்லியிருப்போம்" என்றாள் நீலாவதி. "கைய வச்சிருக்க மாட்டோம்."

"பொய் சொல்லித் தட்டைக் கேட்டான். நான் எதுக்குன்னு விசாரிக்காமக் கொடுத்தேன். இது என் பொறுப்புல இருக்குற தட்டு."

அவர் சூடத்தை வைத்து ஏற்றினார். காற்று இல்லை. சுடர் நேராக நின்றது.

"சேலையை வாங்கிக்கிட்டு ஓட்டைத் தரேன்னது தப்பு. அந்தத் தப்பு உங்களோடது. அதை நான் எடுத்துக்க முடியாது. ஆனா இந்தத் தட்டுல பண்ணுன சத்தியம் என்னோடது. அதை மீறுனா என்ன வருமோ, அது என் தலையில வரட்டும். இந்திராணி வயித்துக்கு வேண்டாம். உங்க புள்ளைங்களுக்கு வேண்டாம்."

உள்ளங்கையைச் சுடர்மேல் வைத்து அழுத்தினார். பெண்கள் ஒரு நொடி தொட்டு எடுத்திருப்பார்கள். அவர் எடுக்கவில்லை. புகை விரல் இடுக்கில் வந்தது. பிறகு எடுத்தார். உள்ளங்கை நடுவில் கறுத்திருந்தது.

இந்திராணி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு யாருக்குப் போட?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அதைச் சொல்ல நான் யாரு?"

"நீங்க யாருக்குப் போடுவீக?"

அவர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தார்.

"யாருக்கும் இல்லை. ஜெகநாதனுக்குப் போட இருந்தேன். இனி முடியாது. பாய்க்கும் போட மாட்டேன். அவர் நல்ல மனுஷன், ஆனா சொல்றது தப்பு. அவர் ஜெயிச்சா வரி கட்டுவேன். எழுதின கூலியைத் தருவேன். தப்புன்னு சொல்லிக்கிட்டே தருவேன்."

"சொல்லிக்கிட்டே குடுங்க" என்றாள் நீலாவதி. "வாங்கிக்கிட்டே கேக்குறோம்."

சிலர் சிரித்தார்கள். மூன்று நாளுக்குப் பிறகு அவர்கள் சிரிப்பதை அவர் கேட்டார். அதில் தனக்குச் சந்தோஷம் இருக்கிறதா என்று பார்த்தார். களைப்புதான் இருந்தது.

"சேலைய என்ன பண்ண?"

"கட்டுங்க. வேற என்ன பண்ண."

பெண்கள் கலைந்தார்கள். வாசலைத் தாண்டியதும் பேச்சு தொடங்கியது. சரிவில் இறங்க இறங்கச் சத்தம் கூடியது. யாருக்குப் போடுவது என்பதைத்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

அவர் தட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இடது கையால் கழுவ வேண்டியிருந்தது. விளக்கைத் தூண்டிவிட்டு, கதவைச் சாத்தித் திரும்பியபோது அன்னம்மாள் இன்னும் நின்றாள். மகளை முன்னால் அனுப்பியிருந்தாள்.

"இன்னும் என்ன?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். தொடவில்லை.

"மஞ்ச வச்சுக் கட்டுங்க முதலாளி."

"கட்டுதேன். நீ போ. இருட்டுறதுக்குள்ள போ."

அவள் போகவில்லை.

"எம்மகளுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராது. சொன்னேன்ல."

"உங்க தலைக்குத்தான வரும்?"

"வந்தா எனக்குத்தான்."

பாலசுப்பிரமணியம் பூட்டை மாட்டினார். வலது கை மடங்கவில்லை. சாவியை இடது கையில் மாற்றித் திருப்பினார். பூட்டு இரண்டாவது தடவைதான் விழுந்தது. அவள் அதுவரை காத்திருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். பிறகு சாதாரணமாக, மறுநாள் களம் உண்டா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா, எங்களுக்கு யாரு முதலாளி வேல குடுப்பா?"